ஆப்லயே விமானம் தெரியுது, அப்புறம் ரேடார் எதுக்கு?

#1 துறைப்பூண்டியான்

ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடுற கேள்வி. 2024 அக்டோபர் 11 சாயங்காலம் திருச்சியிலேர்ந்து ஷார்ஜா கிளம்புன ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் கோளாறால 141 பயணிகளோட ரெண்டு மணி நேரத்துக்கு மேல வானத்துலயே வட்டமடிச்சுதே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு எங்க கடைத்தெருவுல ஆளாளுக்கு செல்லுல விமான ஆப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு, உயரம் எத்தனை, வேகம் எத்தனைன்னு வாய்விட்டுப் படிச்சுக்கிட்டிருந்தாங்க. டவர்ல இருக்கறவருக்குத் தெரியறது டீ ஆத்துறவருக்கும் தெரிஞ்சுது.

அப்படின்னா அந்தச் சுத்துற ரேடார் இன்னும் எதுக்கு? அமெரிக்காக்காரன் 2025 மே மாசம், 600க்கும் மேற்பட்ட பழைய ரேடாரை மாத்தப் போறேன்னு அறிவிச்சான். பழசைக் கழட்டிட்டு மறுபடியும் ரேடாரே வாங்கறான். செல்லுல தெரியுற சமாச்சாரம் இருக்கும்போது இது வெட்டிச் செலவு இல்லையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. கிண்டல் பண்றவங்க அரட்டைப் பகுதிக்குப் போயிடுங்க.

#2 வல்லம்_ரோடு

கிண்டல் இல்ல, எனக்கும் ஒரு சந்தேகம். வீடு தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்குப் பக்கம். 2020 ஜனவரியில சுகோய்-30 படைப்பிரிவு வந்ததுலேர்ந்து அப்பப்ப சன்னல் கண்ணாடி அதிரும். சத்தம் கேட்ட உடனே ஆப்பைப் பாப்பேன். ஒரு தடவைகூட ஒண்ணும் காட்டினதில்ல. 35,000 அடியில கொழும்பு போறது தெரியுது, தலைக்கு மேல காது கிழியப் போறது தெரியல. டீ ஆத்துறவருக்கு எல்லாம் தெரியும்னா இது ஏன் தெரியல?

#3 நெறியாளர்

தளத்தோட பயிற்சி நேரம், போற வழி இதெல்லாம் இங்க எழுத வேண்டாம். மத்தபடி தொடரலாம்.

#4 மாயவரம்_பெரியவர்

தம்பி துறைப்பூண்டியான், உங்களுக்கான பதிலை வல்லம் ரோட்டுக்காரர் பாதி சொல்லிவிட்டார். நான் ரேடார் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர், எந்த நிலையம் என்று கேட்காதீர்கள். சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வானத்தில் இருப்பதைத் தெரிந்துகொள்ள மூன்று வழி இருக்கிறது. முதலாவது முதன்மை ரேடார். ரேடியோ துடிப்பை அனுப்பி, எதிரொலி எப்போது வருகிறது என்று பார்ப்பது. 150 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் விமானத்தில் பட்டுத் திரும்ப 1 மில்லிசெகண்ட் ஆகும். விமானம் ஒத்துழைக்கவே வேண்டாம். உலோகமாக இருந்தால் போதும், மாட்டிக்கொள்ளும். ஆனால் தூரம் இரண்டு மடங்கானால் திரும்பி வரும் சக்தி பதினாறில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் அவ்வளவு பெரிய ஆன்டெனா, அவ்வளவு மின்சாரம், அவ்வளவு செலவு. இத்தனைக்கும் சாதாரண முதன்மை ரேடார் திசையும் தூரமும்தான் சொல்லும். உயரம் சொல்லாது, யார் என்றும் சொல்லாது. பறவைக் கூட்டமும் அதில் புள்ளியாக வந்து நிற்கும். கோடியக்கரைக்குப் பூநாரை வந்து இறங்குகிற மாதங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குப்பையை வடிகட்டுவதே தனி வித்தை.

இரண்டாவது, துணை ரேடார். இது எதிரொலியை நம்புவதில்லை. 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி போகும், விமானத்தில் இருக்கிற டிரான்ஸ்பாண்டர் 1090 மெகாஹெர்ட்ஸில் பதில் சொல்லும். நான்கு இலக்க எண், ஒவ்வொரு இலக்கமும் 0 முதல் 7 வரை, ஆக மொத்தம் 4096 எண்தான். 7700 என்றால் அவசரம், 7600 ரேடியோ பழுது, 7500 கடத்தல். கூடவே உயரமும் வரும். நெரிசல் அதிகமானபோது எல்லா டிரான்ஸ்பாண்டரும் ஒரே சமயத்தில் கத்தி, பதில்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ ஆரம்பித்தன. அதற்காக வந்ததுதான் மோட் எஸ். ஒவ்வொரு விமானத்துக்கும் 24 பிட் தனி முகவரி, அந்த முகவரியைக் கூப்பிட்டே கேட்கலாம்.

மூன்றாவதுதான் உங்கள் ஆப்பில் தெரிகிற ஏடிஎஸ்-பி. யாரும் கேட்காமலே விமானம் தன் ஜிபிஎஸ் இருப்பிடத்தை அதே 1090 மெகாஹெர்ட்ஸில் ஊருக்கே ஒலிபரப்புகிறது. வகுப்பில் பையன் ‘உள்ளேன் ஐயா’ என்று குரல் கொடுக்கிற மாதிரி. சொல்கிறவன் வருகைப் பதிவில் ஏறுவான். சொல்லாதவன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் ஏறமாட்டான். சுகோய் குரல் கொடுப்பதில்லை. அவ்வளவுதான்.

உயரம் சொல்லும் ரேடார் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. 1996 நவம்பர் 12, அரியானாவின் சர்க்கி தாத்ரி. டில்லியிலிருந்து ஏறிய சவூதி விமானமும், இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். ஒன்றுக்கு 14,000 அடி, மற்றதற்கு 15,000 அடி என்று கன்ட்ரோலர் சரியாகத்தான் சொன்னார். கஜகஸ்தான் விமானம் தன் உயரத்தை விட்டு இறங்கியது. அது அவர் திரையில் தெரிய வழியில்லை. அன்று அங்கே வேலை செய்துகொண்டிருந்தது முதன்மை ரேடார் மட்டும். இரண்டும் ஆயிரம் அடி தள்ளி இருக்கின்றன என்று வாயால் சொன்னதை நம்புவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. இந்த விபத்துக்கு அப்புறம்தான் விமானத்துக்குள் மோதல் எச்சரிக்கைக் கருவி இங்கே கட்டாயமாயிற்று.

#5 மன்னை_ஆன்டெனா

ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனா ஏடிஎஸ்-பியை இவ்வளவு லேசா தள்ளிட வேண்டாம். எங்க வீட்டு மொட்டை மாடியில ரிசீவர் வெச்சிருக்கேன். சிக்னலைப் பிடிக்கற பென் டிரைவ் சைஸ் டாங்கிள் ஒண்ணு, ராஸ்பெர்ரி பைங்கற குட்டிக் கம்ப்யூட்டர் ஒண்ணு, முழங்கை நீளத்துக்கு ஒரு ஆன்டெனா, அவ்வளவுதான். திருச்சியிலேர்ந்து கோலாலம்பூர், சிங்கப்பூர் போறது, சென்னை-கொழும்பு, வளைகுடாவுலேர்ந்து கிழக்கால போறது எல்லாம் வரிசையா வரும். இந்தியப் பதிவு விமானம்னா முகவரி பெரும்பாலும் 80ன்னு ஆரம்பிக்கும், பாத்த உடனே கண்டுபிடிச்சிடலாம்.

நம்ம டெல்டா இதுக்குன்னே செஞ்ச பூமி. மலை கிடையாது, மேடு கிடையாது. 35,000 அடியில பறக்கறதைத் தரையிலேர்ந்து நேர்க்கோட்டுல 425 கிலோமீட்டர் வரைக்கும் பிடிக்கலாம். கணக்கு அது. நடைமுறையில தென்னை மட்டை கொஞ்சம் தின்னுடும். அதே 3,000 அடின்னா 125 கிலோமீட்டர்தான். அதனால திருச்சியில இறங்குற விமானம் கடைசி நேரத்துல எனக்குக் கைவிட்டுப் போயிடும். ஓடுபாதை வரைக்கும் ஆப்புல தெரியுதுன்னா, அந்த ஊர்லயே யாரோ ஒருத்தர் மாடியில என்னை மாதிரி ஒரு பொட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

இப்ப ரேடாரைப் பாருங்க. விமான நிலையத்துக்குப் பக்கத்துல இருக்கறது ஒரு சுத்து சுத்த 4, 5 செகண்டு. தொலைதூர ரேடாருக்கு 10, 12 செகண்டு. மணிக்கு 900 கிலோமீட்டர்ல போறது 12 செகண்டுல 3 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஏடிஎஸ்-பி ஒரு செகண்டுல ரெண்டு தடவை இடத்தைச் சொல்லுது. ரேடார்ல தூரம் போகப் போகத் துல்லியம் குறையும், இதுல அது கிடையாது. தரையில வெக்கிற கருவிக்கு சுத்துற மோட்டாரும் கிடையாது, பேரிங்கும் கிடையாது. அந்த மோட்டாருக்கு கிரீஸ் போட்டவருக்குத்தான் அதோட அருமை தெரியும், இல்லீங்களா ஐயா?

#6 குடந்தை_ஈசிஇ

கல்லூரியில செமினார் எடுக்கப் போறேன், அதுக்காகப் படிச்சதைப் பகிர்றேன். ஏடிஎஸ்-பி செய்தி மொத்தமே 112 பிட். அதுல பூட்டும் இல்ல, கையெழுத்தும் இல்ல. யார் அனுப்புனான்னு சரிபார்க்க வழியே இல்லாம, நம்பிக்கையிலேயே வடிவமைச்சிருக்காங்க. விமானமே நேர்மையா சொன்னாலும், அதுக்கு இடத்தைச் சொல்ற ஜிபிஎஸ்ஸை யாராவது ஏமாத்துனா அது நேர்மையாவே தப்பா சொல்லும்.

இது எங்கேயோ உக்ரைன்ல நடக்கற கதை இல்ல அண்ணே. 2023 நவம்பர்லேர்ந்து 2025 பிப்ரவரி வரைக்கும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதியில 465 ஜிபிஎஸ் குறுக்கீடு பதிவானதா அரசாங்கமே நாடாளுமன்றத்துல சொல்லியிருக்கு. 2025 நவம்பர்ல டில்லி விமான நிலையத்தைச் சுத்தியே நடந்துது. ரேடார் இல்லாம ஏடிஎஸ்-பி மட்டும் இருந்தா அந்த நேரத்துல கன்ட்ரோலர் எதை நம்புவார்?

#7 மன்னை_ஆன்டெனா

அதுக்குத்தான் மல்டிலேட்டரேஷன் இருக்கே தங்கச்சி. விமானம் சொல்ற இடத்தை நம்பவே வேண்டாம். ஒரே சிக்னல் நாலு ரிசீவருக்கு நாலு நேரத்துல வந்து சேரும். அந்த நேர வித்தியாசத்தை வெச்சே எங்கேர்ந்து வந்துதுன்னு கணக்குப் போட்டுடலாம். மன்னார்குடி, நாகப்பட்டினம், பட்டுக்கோட்டை, மாயவரம்னு நாலு பொட்டி வெச்சா டெல்டா மொத்தமும் அடங்கிடும்.

#8 மாயவரம்_பெரியவர்

கிரீஸ் போட்டிருக்கிறேன் தம்பி, கியர் பாக்ஸ் ஆயிலும் மாற்றியிருக்கிறேன். அந்த அருமை தெரிந்ததால்தான் சொல்கிறேன், நீங்கள் சொல்கிற மல்டிலேட்டரேஷன் நல்ல முறை. ஆனால் நான்கு கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். 1 மைக்ரோசெகண்ட் பிசகினால் 300 மீட்டர் போச்சு. அந்தக் கடிகாரங்களைப் பெரும்பாலும் எதை வைத்து ஒத்துப்போக வைக்கிறார்கள்? அதே ஜிபிஎஸ். குறுக்கீடு தரைவரை வந்தால் அதுவும் ஆட்டம் காணும். அதற்குத் தனியாக ஏற்பாடு வேண்டும். செய்ய முடியும், செய்கிறார்கள். ஆனால் மாடியில் பொட்டி வைக்கிற செலவில் ஆகாது.

முக்கியமாக, டிரான்ஸ்பாண்டரே பேசாவிட்டால் மல்டிலேட்டரேஷனும் ஊமைதான். 2014 மார்ச் 8, காணாமல் போன மலேசியாவின் எம்எச்370 விமானம். டிரான்ஸ்பாண்டர் நின்றதும் பயணிகள் விமானக் கட்டுப்பாட்டுத் திரையிலிருந்து மறைந்துவிட்டது. அது திரும்பி தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து அந்தமான் கடல் பக்கம் போனது எப்படித் தெரிந்தது? ராணுவத்தின் முதன்மை ரேடார் பதிவிலிருந்துதான்.

இன்னொன்று. 2025 ஜனவரி 29, வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். ஹெலிகாப்டர் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பவில்லை. டிரான்ஸ்பாண்டர் வேலை செய்ததால் கன்ட்ரோலரின் ரேடார் திரையில் தெரிந்தது. தெரிந்தும் விபத்து நடந்தது, அது வேறு கதை. ஆனால் ரேடாரைக் கழற்றிவிட்டு ஏடிஎஸ்-பியை மட்டும் வைத்திருந்தால் அந்த ஹெலிகாப்டர் அங்கே இருப்பதே திரையில் இருந்திருக்காது.

#9 துறைப்பூண்டியான்

ஐயா, புரியுது. ஆனா ஒண்ணு கேக்கறேன். நம்ம காரைக்கால்ல ஏற்கனவே பெரிய ரேடார் இருக்குதே, கஜா புயல் வந்தப்ப டிவியில காட்டுனாங்களே. அதையே விமானத்துக்கும் திருப்பிவிட்டா என்ன?

#10 காரைக்கால்_மீனு

அது வானிலை மையத்தோட டாப்ளர் ரேடார் சார். மழைத்துளியைப் பாக்கறதுக்குன்னே செஞ்சது. ஒவ்வொரு சாய்வா ஆன்டெனாவைத் தூக்கித் தூக்கி வானத்தை முழுசா ஒரு தடவை அளக்கவே பல நிமிஷம் எடுத்துக்கும். அதுக்குள்ள உங்க விமானம் தஞ்சாவூரைத் தாண்டியிருக்கும். மேகத்துக்கு அவசரம் கிடையாது.

#11 ஒரத்தநாடு_விவசாயி

நடுவுல வர்றேன், மன்னிக்கணும். எங்க பக்கம் சம்பாவுக்கு மருந்து அடிக்க டிரோன் வருது. ஆள் கூலிக்கு இது எவ்வளவோ தேவலை. ஓட்டுற பையன், இந்த வயலுக்கு அனுமதி இல்ல, அந்த வயலுக்கு இருக்குங்கறான். பத்து அடி உயரத்துல பறக்கறது எந்த ரேடார்ல தெரியப் போவுது? எதுக்கு இந்தக் கெடுபிடி?

#12 குடந்தை_ஈசிஇ

தெரியாததுதான் பிரச்சினையே மாமா. அவ்வளவு தாழ்வா, பிளாஸ்டிக்கும் கார்பனுமா இருக்கறதை விமான நிலைய ரேடார் பிடிக்காது. பிடிச்சாலும் பறவைன்னு வடிகட்டித் தூக்கிப் போட்டுடும். அதனால பாத்துக் கட்டுப்படுத்தாம, வரைபடத்துலயே கோடு போட்டுட்டாங்க. 2021 டிரோன் விதிப்படி பச்சை மண்டலத்துல 400 அடி வரைக்கும் அனுமதி கேக்க வேண்டாம். விமான நிலையச் சுவத்துலேர்ந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள்ளன்னா 200 அடி வரைக்கும். 5 முதல் 8 கிலோமீட்டருக்குள்ளன்னா தரையிலேர்ந்தே மஞ்சள், கட்டுப்பாட்டு அறையில அனுமதி வாங்கணும். சிவப்புன்னா மத்திய அரசே அனுமதிக்கணும். அரசாங்கத்தோட டிஜிட்டல் ஸ்கை வரைபடத்துல உங்க வயல் எந்த நிறத்துல வருதுன்னு அந்தப் பையனைக் காட்டச் சொல்லுங்க. சரியான பையனா இருந்தா உடனே காட்டுவான்.

#13 வேதை_உப்பளம்

நிலத்தையே பேசறீங்க. எங்களுக்குக் கிழக்காலயும் தெற்காலயும் கடல்தான். கரையில எத்தனை ரேடார் வெச்சாலும் 400 கிலோமீட்டருக்கு அப்பால பூமி வளைஞ்சு மறைச்சிடும். வங்காள விரிகுடா நடுவுல போற விமானத்தை யார் பாக்கறா?

#14 மன்னை_ஆன்டெனா

அங்கதான் அண்ணே ஏடிஎஸ்-பி ஜெயிக்குது. இரிடியம் நெக்ஸ்ட் செயற்கைக்கோள் 66ல ஏடிஎஸ்-பி ரிசீவர் வெச்சு 2019லேர்ந்து ஏரியான்னு ஒரு நிறுவனம் சேவை குடுக்குது. விமானம் கத்தறதை சுமார் 780 கிலோமீட்டர் உயரத்துலேர்ந்து கேக்கறாங்க. கடல் நடுவுல யாராலயும் ரேடார் நட முடியாது.

இதோட பலன் இடைவெளியில தெரியும். ரேடார் பாக்குற இடத்துல ரெண்டு விமானத்துக்கு நடுவுல 5 கடல் மைல் போதும், விமான நிலையத்துக்குப் பக்கத்துல 3 போதும். பாக்க முடியாத கடல்ல அப்படி விடமாட்டாங்க. ‘இந்த இடத்தை இத்தனை மணிக்குத் தாண்டினேன்’னு விமானி சொல்றதை வெச்சு, நிமிஷக் கணக்குல இடைவெளி விட்டு அனுப்பணும். நல்ல உயரம் கிடைக்காது, எரிபொருள் வீணாகும். பாக்க முடிஞ்சா நெருக்கி அனுப்பலாம்.

ஆக ஐயா, நீங்க ரேடார் கட்சி, நான் ஏடிஎஸ்-பி கட்சின்னு நிக்க வேண்டியதில்ல. மேல் வானத்துக்கும் கடலுக்கும் ஏடிஎஸ்-பி, நெரிசலான விமான நிலையத்துக்கு மோட் எஸ்ஸும் முதன்மை ரேடாரும். அப்படித்தானே?

#15 மாயவரம்_பெரியவர்

கட்சி எனக்கும் கிடையாது. ஆனால் நீங்கள் எல்லோரும் ஆன்டெனாவைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அனுபவத்தில் ராத்திரி போன் வந்தது பெரும்பாலும் ஆன்டெனாவுக்காக இல்லை. லைன் போச்சு, யுபிஎஸ் போச்சு, சர்வர் தொங்குது, இவைதான். ரேடார் வெளியே கம்பீரமாகச் சுற்றிக்கொண்டிருக்கும், உள்ளே திரை காலியாக இருக்கும்.

2025 ஏப்ரல் 28, அமெரிக்காவின் நெவார்க். அந்த விமான நிலையத்தைப் பார்க்கிற கட்டுப்பாட்டு அறையில் சுமார் 90 செகண்ட் ரேடாரும் இல்லை, ரேடியோவும் இல்லை. ரேடார் பழுதாகவில்லை. தகவலைக் கொண்டுவருகிற தொலைத்தொடர்பு லைன் விழுந்தது. பழைய தாமிரக் கம்பியை மாற்றி ஃபைபர் போடுகிறோம் என்று அப்புறம் ஓடினார்கள். அதே வருஷம் நவம்பரில் டில்லியில் 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமாயின. காரணம் ரேடாரா? இல்லை, விமானத் திட்டங்களைக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்புகிற தானியங்கிச் செய்திப் பரிமாற்ற அமைப்பு படுத்துவிட்டது. கன்ட்ரோலர்கள் கையால் எழுதிச் சமாளித்தார்கள். இந்த ஒயர், மென்பொருள் வேலைக்கு யாரும் ரிப்பன் வெட்டமாட்டார்கள். அதனால் கேட்கவும் ஆள் இருப்பதில்லை.

இப்போதைய கட்டுப்பாட்டு அறையில் முதன்மை, துணை ரேடார், ஏடிஎஸ்-பி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தடமாகக் காட்ட மென்பொருள் இருக்கிறது. ஒன்று சொல்வதும் இன்னொன்று சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேதான் எச்சரிக்கை எழும்ப வேண்டும். காசு போட வேண்டியது அங்கே. துறைப்பூண்டித் தம்பி கேட்டது ‘ரேடார் வெட்டிச் செலவா’ என்று. நான் சொல்வது, பழைய கம்பியோடு புது ரேடாரைக் கோத்தால் வெட்டிச் செலவு.

#16 வல்லம்_ரோடு

இன்னொண்ணையும் சேத்துக்கங்க. 2018 அக்டோபர் 12 விடியக்காலம் திருச்சியில துபாய் விமானம் கிளம்பும்போது, ஓடுபாதைக்கு அப்பால இருந்த ஆன்டெனாவையும் காம்பவுண்டு சுவத்தையும் உரசிட்டுப் போச்சு. அடிப்பாகம் கிழிஞ்சு, 136 பேரோட பறந்து, மும்பைக்குத் திருப்பி இறக்குனாங்க. ரேடார், ஏடிஎஸ்-பி எதைப் பாத்திருந்தாலும் நல்லா போயிட்டிருக்குன்னுதான் காட்டியிருக்கும். எடத்தைத்தான் திரை சொல்லும், கிழிசலைச் சொல்லாது.

#17 துறைப்பூண்டியான்

நல்லா விளங்கிடுச்சு. ஆனா கேட்டது கேட்டபடி, எனக்கும் ஒரு பொட்டி வேணும் மன்னை அண்ணே. எங்க மாடி ரெண்டாவது தளம், கிழக்கால தென்னந்தோப்பு. கஜாவுக்கு அப்புறம் நட்டது, இப்பதான் தலையெடுத்து வருது. எங்க வெக்கிறது?

#18 மன்னை_ஆன்டெனா

மொதல்ல ஒண்ணு. வானொலிக் கருவி வெச்சிருக்கறதுக்கு நம்ம நாட்டுல சட்டம் உண்டு. 1933 சட்டத்துக்குப் பதிலா 2023 தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி உரிமம் விஷயத்தை முறையா விசாரிச்சுக்கங்க. விமானி, டவர் பேச்சைக் கேக்கற வேலையெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் இடம். தண்ணித் தொட்டிக்கு மேல இரும்புக் குழாய் நட்டு, தென்னை மட்டையைத் தாண்டற உயரத்துக்குத் தூக்குங்க. 1090 மெகாஹெர்ட்ஸுக்கு ஈர மட்டையே பெரிய சுவரு. ஆன்டெனாவுலேர்ந்து டாங்கிள் வரைக்கும் கேபிளை எவ்வளவு சின்னதா வெக்க முடியுமோ அவ்வளவு சின்னதா வைங்க. நீளக் கேபிள் சிக்னலைத் தின்னுடும். அதுக்கு டாங்கிளையும் குட்டிக் கம்ப்யூட்டரையும் மேலயே ஒரு மூடுன டப்பாவுல வெச்சு, கீழேர்ந்து நெட்வொர்க் ஒயர் வழியா கரண்டு ஏத்துறது மேல். டப்பாவுக்கு அடியில ரெண்டு சின்ன ஓட்டை போடுங்க, சித்திரை வெயில்ல டாங்கிள் கை வெக்க முடியாம கொதிக்கும்.

ஐப்பசி அடைமழைக்குள்ள கனெக்டரைச் சரி பண்ணிடணும். ரப்பர் டேப்பை இழுத்து இழுத்து கீழேர்ந்து மேலா சுத்துங்க, அதுக்கு மேல சாதா டேப். கேபிள் டப்பாவுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி ஒரு தொங்கல் விடுங்க, தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். ஒருநாள் திடீர்னு 300 கிலோமீட்டர் தெரிஞ்சது 60க்கு வந்துதுன்னா மென்பொருளை நோண்டாதீங்க, கனெக்டரைக் கழட்டிப் பாருங்க. நடு ஊசி பச்சை பிடிச்சிருக்கும்.

#19 ஒரத்தநாடு_விவசாயி

குடந்தைப் பாப்பா, அந்தப் பையன் வரைபடம் காட்டுனான். வடக்கால வயல் ரெண்டு மஞ்சள்ல வருது, மீதி பச்சை. வடக்கு வயலுக்குக் கைத்தெளிப்பான்தான்.